பார்த்து வரைவதும் கல்வியே

பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால், 'வெறும் காப்பி' என்று ஒதுக்கிவிடுகிறோம். அன்பு வாசகர்களே, வரலாற்றின் இந்த ஏட்டைச் சற்றுப் புரட்டுங்கள்.

1453இல் கான்ஸ்டான்டிநோபிளை வென்ற சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ், 1479இல் வெனிஸ் நகர அரசுடன் சமாதானம் கண்டபின், தேர்ந்த ஓவியர் ஒருவரை அனுப்பக் கோரினார். வந்தவர் ஜென்டிலே பெல்லினி. வெற்றுத்தாளை மடிமீது தாங்கி எழுத முனையும் எழுத்தரின் சிற்றோவியம் அவர் தீட்டியதாகக் கருதப்படுகிறது. உயரம் 18 சென்டிமீட்டரே! இன்று அது போஸ்டன் நகரின் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதனைப் பாரசீக மரபில் பயின்ற ஓவியர் ஒருவர் பார்த்து வரைந்தார். அப்படம் வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. அமர்ந்த கோலமும் தலைப்பாகையும் மாறவில்லை. ஆனால், நிழலிட்டுத் திரட்சி காட்டும் வெனிஸ் முறையை அவர் பின்பற்றவில்லை; தம் மரபின் சீரான வண்ணங்களையே பூசினார். வெற்றுத்தாளிலோ ஓர் உருவத்தை வரைந்துவிட்டார். எழுத்தர் ஓவியராகிவிட்டார்!

பார்த்து வரைகையில் கண் அளவறிகிறது, கை பழகுகிறது. பின்னர் சொந்தச் சிந்தனை துளிர்க்கிறது. ஆகவே பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். வரைந்து முடித்ததும், "இதில் நீ எதை மாற்றுவாய்?" என்று மட்டும் கேளுங்கள்.