தெளிப்புக்கும் பறிப்புக்கும் நடுவே

தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் மிகுந்திருக்கிறது என்று 2015-ல் கேரளம் புகார் சொன்னபோது, எல்லையின் இருபுறமும் பெரிய வாக்குவாதமே நடந்தது. யார் வீட்டுக் காய் சுத்தம் என்பதே பேச்சாக இருந்ததால், மருந்தடித்து எத்தனையாவது நாளில் அந்தக் காய் பறிக்கப்பட்டது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. எச்சத்தின் அளவைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த நாள்கணக்குதான். வெயிலிலும் செடிக்குள்ளும் மருந்து சிதைந்து குறைவதற்கு அவகாசம் வேண்டும். அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் பயிர்வாரியாகக் காத்திருப்புக் காலம் விதிக்கப்படுகிறது. காய்ப்புழுவுக்கு அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோலுக்கு வெண்டையில் 5 நாள், கத்தரியில் 22 நாள். ஆனால் வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும்; விட்டால் முற்றி நாராகிவிடும். கத்தரியும் வாரம் தவறாமல் பறிப்புக்கு வரும். காய்ப்பு தொடங்கிய பிறகு 22 நாள் காத்திருப்பதென்றால் இடையில் வரும் பறிப்புகளை எல்லாம் கைவிடுவதாகும். எந்தச் சிறு விவசாயியால் அது முடியும்? விதியை மீறுகிறார் என்று அவரைக் குற்றம் சொல்வதற்கு முன், அந்த விதி பயிரின் பறிப்போடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

எச்சம் இருப்பதாலேயே அது நஞ்சாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விலங்குச் சோதனையில் தீங்கு செய்யாத அளவை எடுத்து, பொதுவாக அதில் நூறில் ஒரு பங்கைத்தான் மனிதருக்கான தினசரி வரம்பாக வைக்கிறார்கள். காயில் அனுமதிக்கப்படும் உச்ச அளவோ, முறையாக மருந்தடித்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற வயல் சோதனையிலிருந்து வருவது. தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. ஆகவே வரம்பு தாண்டிய ஒரு கத்தரிக்காயால் யாரும் படுத்துவிட மாட்டார்கள். ஆனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு மருந்தைத்தான் எடைபோடுகிறது. தட்டில் விழும் சாம்பாரிலோ நாலைந்து காய்கள். குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் எல்லாமே நரம்புகளுக்கு இடையில் செய்தி கடத்தும் பொருளைச் சிதைக்கும் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகம் சாப்பிடுபவர்கள் குழந்தைகள். அவர்களின் மூளை வளர்ச்சி பற்றிய கவலையும் காரணமாகச் சேர்ந்துதான், 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம் குளோர்பைரிபாஸைக் கைவிட்டது.

கழுவினால் போதாதா? புளிக்கரைசலில் ஊறவைத்து அலசினால் தோல்மேல் படிந்தது ஓரளவு போகும். அசிபேட், இமிடாகுளோப்ரிட் போன்றவை செடியின் சாற்றோடு கலந்து காய்க்குள்ளேயே ஓடுபவை. அவற்றை வெளியேற்ற எந்தக் கரைசலும் இல்லை. இதற்குப் பயந்து காய்கறியையே குறைப்பது இன்னும் மோசம். காய்கறி குறைந்தால் உடலுக்கு வரும் கேடு, எச்சத்தால் வரக்கூடும் என்ற கேட்டைவிட உறுதியானது.

மருந்து இல்லாமல் கத்தரி விளையுமா என்று விவசாயி கேட்பார். முற்றிலும் இல்லாமல் என்று யாரும் சொல்லவில்லை. புழு துளைத்த குருத்தைக் கிள்ளி அழிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, காய்ப்புக் காலத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றுக்கு மாறுவது என்று வேளாண் துறை பல காலமாகச் சொல்லி வருகிறது. ஆனால் வயலுக்கு வந்து சொல்ல ஆளில்லாத இடத்தில் மருந்துக்கடைக்காரர்தான் வைத்தியர். (நஞ்சை ‘மருந்து’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம், வைத்தியர் என்பதிலும் தவறில்லை.) இத்தனைக்கும் எச்சத்தைக் கண்காணிப்பது நம்மால் ஆகாத வேலை அல்ல. ஐரோப்பாவுக்குப் போகும் வெண்டைக்கு, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடாவில் பதிவான தோட்டம் வேண்டும், எச்சப் பரிசோதனையும் வேண்டும்; தவறு நடந்தால் எந்த வயல் என்று தேடிப் போகலாம். ஆனால் நம் சமையலுக்காக ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்கு வரும் மூட்டையில் பத்து வயல் காய் கலந்திருக்கும். மாதிரி எடுத்து ஆய்வக முடிவு வருவதற்குள் அந்தக் காய் சமைத்துச் சாப்பிட்டு முடிந்திருக்கும்.