மார்பினூடே மின்சாரம் செல்லும் வழி

பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்தில் மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளிலெல்லாம் இன்று மின்சார மோட்டார் ஓடுகிறது. ஈரக் கையுடன் சுவிட்சைத் தொட்டு மாண்டவர்களைப் பற்றியும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்களுள் பலர் தீப்புண்ணால் மடிவதில்லை. மார்பின் வழியே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே இதயம் சுருங்கி விரியும் ஒழுங்கை இழந்து வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடலாம். அப்போது இரத்தம் ஓடாது.

இந்நடுக்கத்தை அடக்குவதும் மின்சாரமே. டிஃபிப்ரிலேட்டர் என்னும் கருவி, மார்பில் ஒட்டிய இரு பட்டைகளின் வழியே கண நேரம் மின்சாரத்தைச் செலுத்துகிறது. நடுக்கம் நின்றபின் இதயம் தன் துடிப்பை மீண்டும் தொடங்க இடமுண்டு. 1947-இல் கிளீவ்லந்து நகரில் கிளாட் பெக் என்னும் மருத்துவர், மார்பைத் திறந்து, இம்முறையால் 14 வயதுச் சிறுவனைப் பிழைக்க வைத்தார்.

மார்பைத் திறவாமல் வெளியிலிருந்து செலுத்தும்போது மின்சாரம் முழுவதும் இதயத்தை அடைகிறதா? இல்லை. மடையைத் திறந்தால் நீரின் பெரும்பகுதி பள்ளப் பாத்திக்கே ஓடும். மேட்டுக்குச் சிறிதே ஏறும். மின்சாரத்திற்கு இரத்தமும் தசையும் பள்ளம். காற்று நிறைந்த நுரையீரலும் எலும்பும் கொழுப்பும் மேடு. ஆகவே பெரும்பகுதி மார்புச் சுவரைச் சுற்றியே போய்விடுகிறது. நூற்றுக்குச் சுமார் 4 பங்கே இதயத்தின் வழியே செல்வதாக 1990-இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று.

உயிருள்ளவர் மார்புக்குள் இதனை அளப்பது எளிதன்று. எனவே ஸ்கேன் படங்களைக் கொண்டு, மார்பைக் கணிப்பொறியில் லட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கின்றனர். ஊர் வரைபடத்தில் சர்வே எண்தோறும் மண் தரம் குறிப்பதுபோல, துண்டுதோறும் அதன் மின்தடையைக் குறித்துக் கணக்கிடுகின்றனர். சிறுவர் உடலில் பொருத்தும் கருவிகளைப் பற்றி 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் இவ்வாறு கணக்கிட்டபோது, மின்முனையின் இடம் சற்றே மாறினாலும் தேவைப்படும் மின்சாரம் பெரிதும் மாறுவது புலனாயிற்று.

ஆதலால் பட்டைகளைப் படத்திற் காட்டிய இடத்திலேயே ஒட்டுக: ஒன்று வலக் காறை எலும்பின் கீழ், மற்றது இட அக்குளின் கீழ்ப் பக்கவாட்டில். கிணற்றடியில் நனைந்தவராயின் மார்பை முதலில் துடைத்திடுக. இன்றேல் மின்சாரம் ஈரத்தோலின் மேலேயே ஓடிவிடும்.

இவற்றிற்கெல்லாம் முன்னர் மெயின் சுவிட்சை நிறுத்துதல் வேண்டும். 108-க்குச் சொல்லிவிட்டு, கருவி வரும்வரை மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துக. எதுவும் செய்யாவிடில், பிழைக்கும் வாய்ப்பு நிமிடந்தோறும் நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறையும். பஞ்சாயத்தார் இக்கருவியை வாங்குவராயின், அலுவலக நேரம் முடிந்ததும் பூட்டப்படும் அறையில் அதனை வைக்கலாகாது.