குட்டி வரும் பின்னே, ஏற்பாடு வரும் முன்னே

"தாத்தா, எனக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும்" என்று என் பேத்தி கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அடுக்களையில் இருந்த என் மகளும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

1992ஆம் ஆண்டு. தவுண்ட் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் சிக்னல் பிரிவில் இன்ஸ்பெக்டர். நண்பர் ஒருவர் ஐந்து வாரக் குட்டி ஒன்றைக் கொடுத்தார். பைக்குள் வைத்து அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அட்டைப்பெட்டிதான் வீடு, பசும்பாலும் பிஸ்கட்டும்தான் ஆகாரம். தெருநாய்கள் திரியும் இடத்தில் தினமும் ஓடவிட்டேன். தடுப்பூசி என்ற எண்ணமே எழவில்லை. பன்னிரண்டாம் நாள் வாந்தி. பிறகு இரத்தக் கழிச்சல். மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. ஏழு வயது மகள், "முன்னாடியே ஊசி போட்டிருக்கலாமேப்பா" என்றாள். ரயில் வருமுன் பாதையைச் சரிபார்க்கும் உத்தியோகம் பார்த்தவன், வீட்டில் மட்டும் அதைச் செய்யாமல் விட்டேன்.

ஆகவே, ஓய்வுக்குப் பின் குடியேறிய இந்தத் தளேகாவ் வீட்டில், பேத்தியிடம் ஒரு நிபந்தனை போட்டேன். "குட்டி வரும். ஆனால் ஒரு மாதம் கழித்து. அதற்குள் வீடு தயாராக வேண்டும்."

எந்தக் குட்டி?

தெற்கத்தி ஆளான எனக்கு ராஜபாளையம் நாய் மீதுதான் ஆசை. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் அதற்கும் இடம் கிடைத்தது. ஆனால் அது வேட்டை வம்சம். ஓட நிறைய இடம் வேண்டும். மேலும், அந்த வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய கால்களால் அதன் பின்னே ஓட முடியுமா? ஆசையை மூட்டை கட்டினேன். காலனிக் காவல்காரர் பராமரிக்கும் நாட்டு நாய் ஐந்து குட்டிகள் போட்டிருந்தது. அதில் ஒன்றைப் பேசி வைத்தேன். இரண்டு மாதம் முடியாமல் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது என்பது கால்நடை மருத்துவரின் கண்டிப்பு. கூடப் பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறதாம்.

வீடு தயாராகட்டும்

பேத்தியும் நானும் தரையில் தவழ்ந்து வீட்டைப் பார்வையிட்டோம். சிரிக்காதீர்கள்; குட்டியின் கண் உயரத்தில் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். இன்வெர்ட்டர் வயர், செல்போன் சார்ஜர், எலி மருந்து, மாடிப்படி, கேட்டின் அடியில் நாலு விரற்கடை இடைவெளி. தோட்டத்தில் அரளி இருந்தது. பூஜைக்கு உகந்தது, நாய்க்கு நஞ்சு. அதை எடுத்துவிட்டோம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு ஆகாதவை என்று எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினாள் பேத்தி. பால் கறந்த உடனே கொடுத்தால் நல்லது என்று நினைக்கிறோம். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். எங்கள் வீடு சைவம். "என்னங்க, முட்டைக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு" என்ற ஏற்பாட்டோடு என் மனைவி சம்மதித்தாள். நாளுக்கு நான்கு வேளை, சிறுகச் சிறுக.

முதல் இரவு குட்டி அழும். தாயின் சூடு இல்லையே! தனி அறையில் பூட்டாமல் என் கட்டிலருகே பழைய பருத்திப் புடவை விரித்துப் படுக்க வைத்தேன். கையைத் தொங்கவிட்டால் போதும். மோந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். பெயர் மணி.

ஊசியும் உலகமும்

1992இல் எங்கள் குட்டியைக் கொண்டுபோனது, அறிகுறிகளைப் பார்த்தால், பார்வோ வைரஸ் ஆகத்தான் இருக்க வேண்டும். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய நோய் அது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறும் சோப்புக்கு மசியாது. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கொஞ்ச காலம் காவல். ஆனால் அதே சக்தி தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை ஊசி போடுகிறார்கள். ஒன்று போட்டதோடு நிறுத்துவது பாதிப் பாலம் கட்டியது போலத்தான். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். பூச்சி மருந்து தனி.

இங்கே ஒரு சிக்கல். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கக்கூடாது. ஆனால் மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை காண்பதையும் கேட்பதையும்தான் நாய் வாழ்நாள் முழுதும் அஞ்சாமல் ஏற்கும் என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், புல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூல் இதைப் பற்றியும் பேசுகிறது. வழி என்ன? தூக்கிக்கொண்டு போவதுதான். தினமும் மாலை மணியைக் கூடையில் வைத்துத் தளேகாவ் ஸ்டேஷனுக்குப் போனோம். லோனாவ்லா லோக்கல், ஹாரன், குடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் என் மடியிலிருந்தே பார்த்தது.

ஒரு சொல், ஒரு பொருள்

பழக்குவதில் முதல் பாடம் கழிப்பிடம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தோட்டத்தில் அதே மூலைக்கு. இரவில் இரண்டு முறை நானே எழுந்தேன். சரியாகச் செய்த மறுவிநாடியே பாராட்டும் ஒரு துண்டு முட்டையும். வீட்டுக்குள் செய்துவிட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வீண். குட்டி கற்றுக்கொள்வது நம்மைக் கண்டு ஒளிவதை மட்டுமே.

அடுத்தது கட்டளை. இதில்தான் எங்கள் வீடு திணறியது. பேத்தி 'சிட்' என்பாள். வீட்டு வேலைக்கு வரும் மாவ்ஷி மராத்தியில் 'பஸ்' என்பார். உட்கார் என்று அர்த்தம். மாப்பிள்ளையும் 'பஸ்' என்பார். அவர் சொல்வது இந்தி, போதும் என்று அர்த்தம்! மணி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சிவப்பு விளக்குக்கு ஒரு டிரைவர் 'நில்' என்றும் இன்னொருவர் 'மெதுவாகப் போ' என்றும் பொருள் கொண்டால் ரயில் என்ன ஆகும்?

குடும்பக் கூட்டம் போட்டோம். வா, இரு, விடு. மூன்றே சொற்கள். அனைவரும் அவற்றையே, அதே கைச்சாடையோடு சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐந்து ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். 1993 குண்டுவெடிப்புகளுக்குப் பின் மும்பையில் மூவாயிரம் கிலோவுக்கு மேல் வெடிமருந்தைக் கண்டுபிடித்த 'ஜஞ்சீர்' என்ற லாப்ரடார், பயிற்சி பெற்றது நம் புனே சிவாஜிநகரில்தான். அந்த உயரமெல்லாம் நமக்கு வேண்டாம். கூப்பிட்டால் வந்தால் போதும்.

பத்து நாளில் வந்தது. நான் எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பேத்தி, மணியிடம் மட்டும் "வாடா, இருடா, அதை விடுடா" என்று நாள் முழுக்கத் தமிழ் பேசுகிறாள். மாவ்ஷியும் 'வா' என்கிறார், மராத்தி ராகத்தில்.

குட்டி வளர்க்க நினைக்கும் சங்க அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பழக வேண்டியது வீடு, குட்டி தானே பின்னால் வரும்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, மணியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். இறக்கிவிட எனக்குத் தைரியம் வரவில்லை. மகள் ஊசி அட்டையை வாங்கித் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு என் கையிலிருந்து குட்டியை வாங்கி, தானே சாலையில் இறக்கிவிட்டாள்.

"இப்ப போகலாம்ப்பா" என்றாள்.