மனிதரைக் கண்டு நடுங்கும் பாம்பு!

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பார்கள்.

ஆனால், நம்மைக் கண்டு நடுங்குகிற பாம்பும் ஒன்று இருக்கிறது! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைப் பலர் வீட்டிலேயே வளர்க்கிறார்கள். நாய், பூனை வளர்ப்பது போல!

அதன் பெயர், பந்து மலைப்பாம்பு.

மலைப்பாம்பு இனம்தான். ஆனால் சிறியது. 3 அடி முதல் 5 அடி நீளம்தான் இருக்கும். விஷம் கிடையாது. பிறந்த இடம் ஆப்பிரிக்கா. பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் படுத்துக் கிடக்கும். இரவில் இரை தேடிப் புறப்படும்.

உருண்டு விடும்

யாராவது தொட்டால் பெரும்பாலும் இது சீறாது. பயத்தில் உடம்பைச் சுருட்டி, தலையை நடுவில் ஒளித்துக் கொள்ளும். பார்ப்பதற்குப் பந்து போலவே இருக்கும். பெயர் வந்தது அதனால்தான்.

பயம் தெளிந்ததும் மெல்லத் தலையை நீட்டும். கையில் ஊர்ந்து ஏறும். இந்தச் சாதுக் குணத்தில்தான் மனிதர்கள் மயங்கி விட்டார்கள்!

இது சத்தம் போடாது. வீடெல்லாம் முடி கொட்டாது. ஒரு எலி கொடுத்தால் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை.

ஆனால் திடீரென்று உண்ணாவிரதம் தொடங்கிவிடும்! மாதக்கணக்கில் இரையைத் திரும்பியும் பார்க்காது. 'பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறதே' என்று நம் வீட்டுத் தாய்மார்கள் பதறுவார்களே, அப்படிப் பதறுவார்கள் வளர்ப்பவர்கள்.

62 வயதுப் பாட்டி

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-ம் ஆண்டில் ஒருவர் இந்தப் பாம்பு ஒன்றைக் கொடுத்தார். 2020 ஜூலையில் அது 7 முட்டைகள் இட்டது! அப்போது அதற்கு வயது 62-க்கு மேல். அதோடு, 15 ஆண்டுகளுக்கு மேலாக அது ஆண் பாம்பின் அருகிலேயே இருந்ததில்லை. ஆண் துணை இல்லாமலே முட்டையிடும் ஆற்றல் சில பாம்புகளுக்கு உண்டு.

பாம்புக்குக் கோவில்

ஆப்பிரிக்காவில் பெனின் என்று ஒரு நாடு. அங்கே உவிடா என்ற ஊரில் இந்தப் பாம்புகளுக்குக் கோவிலே இருக்கிறது. எதிரிகள் துரத்தி வந்தபோது, காட்டில் ஒளிந்த ஒரு ராஜாவை இந்தப் பாம்புகள் காப்பாற்றினவாம். ஊரார் சொல்லும் கதை இது.

கோவில் பாம்பு வீட்டுக்குள் வந்தால் அங்கே யாரும் கம்பு எடுப்பதில்லை. பத்திரமாகத் தூக்கிக் கொண்டுபோய்க் கோவிலில் விடுகிறார்கள்.

வளைக்குள் கை

ஆனால் அதே பெனினிலும், பக்கத்து நாடான டோகோவிலும், அதை அடுத்துள்ள கானாவிலும் இதைப் பிடித்து விற்பதே பலருக்குப் பிழைப்பு.

தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, சுமார் இரண்டு மாதம் காவல் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்கள் வளையைத் தோண்டுகிறார்கள். சில சமயம் வளைக்குள் நாகமும் இருக்கும். கடி வாங்கியவர்களும் உண்டு. கிடைத்த முட்டைகளைப் பொரிக்க வைத்து, குட்டிகளை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

1975 முதல் இப்படிப் போனவை 30 லட்சத்துக்கு மேல்! காட்டில் இவை குறைந்து வருகின்றன.

நிறத்துக்கு விலை

1992-ல் அமெரிக்காவில் வெள்ளையும் மஞ்சளுமாகக் குட்டிகள் பொரித்தன. அவை ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போயின. அதன் பிறகு விதம் விதமான நிறங்களை உண்டாக்கினார்கள். 'சிலந்தி' என்று ஒரு வகை. அழகுதான். ஆனால் பிறவியிலேயே தலை ஆடும். இரையைக் குறி பார்க்கவும் திண்டாடும். அழகுக்காக இப்படி ஒரு பிறவியை உண்டாக்குவது நியாயமா என்று அங்கேயே பலர் கேட்கிறார்கள்.

சென்னையில்...

இந்த ஆசை நம் ஊரையும் எட்டிப் பார்த்துவிட்டது. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம் வந்தது. இரண்டு பைகளை யாரும் எடுக்க வரவில்லை. சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். உள்ளே 45 பந்து மலைப்பாம்புகள்! கூடவே சிறு குரங்குகள், ஆமைகள்.

அத்தனையும் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன.