திரவத்தில் விளையும் சிலிக்கன் நானோ துகள்கள்

கணினிச் சில்லுகளின் மூலப்பொருளான சிலிக்கன், மின்னோட்டத்தை ஆள்வதில் வல்லதாயினும் ஒளியை உமிழ்வதில் மந்தமானது. அதில் கிளர்வுற்ற எலக்ட்ரான் பழைய நிலைக்குத் திரும்பும்போது படிகத்தின் அதிர்வும் உடன் துணைசெய்ய வேண்டியிருப்பதால் ஒளியுமிழ்வு தாமதப்பட, அதற்குள் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. 1990இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் ஆய்வு செய்துவந்த லீ கேன்ஹம், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அரிக்கப்பட்டு நுண்துளைகள் நிறைந்த சிலிக்கன், அறை வெப்பநிலையிலேயே சிவப்பாக ஒளிர்வதைக் காட்டினார். எலக்ட்ரான் நடமாடும் இடம் ஏறத்தாழ 5 நானோமீட்டருக்குக் கீழே, அதாவது மில்லிமீட்டரின் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் குறுகும்போது அதன் ஆற்றல் நிலைகள் மாறுவதே இதற்குக் காரணம் எனப்பட்டது. இவ்விளைவு குவாண்டம் ஒடுக்கம் எனப்படுகிறது.

எலும்புவரை ஊடுருவக்கூடிய அந்த அமிலத்தின் துணையின்றியே சிலிக்கன் நுண்துகள்களைப் பெறும் வழிகளுள் ஒன்று, சிலிக்கன் தகட்டைச் சில மில்லிமீட்டர் ஆழத் திரவத்தில் அமிழ்த்தி அதன்மீது லேசர் துடிப்புகளைக் குவிப்பதாகும். இம்முறையின் முன்னோடிகளுள் புனே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அடங்குவர் என்பது இந்தியாவிலேயே அதிகம் பேசப்படாத செய்தி; அவர்கள் 1987இல் நீரில் அமிழ்ந்த இரும்பின்மீது ரூபி லேசரைச் செலுத்தி, அதன் பரப்பில் ஆக்சைடு உருவாவதை ஆராய்ந்தனர். நொடியின் நூறு கோடியில் சில பங்குகளே நீடிக்கும் ஒரு துடிப்பு, தகட்டின் மேற்பரப்பைப் பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவாக, அதாவது அணுக்களும் அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த கொதிநிலை ஆவியாக மாற்றுகிறது. காற்றிலாயின் தாராளமாக விரிந்துவிடும் அந்த ஆவியைத் திரவம் நெருக்கிப் பிடிப்பதால், அழுத்தம் வளிமண்டலத்தினும் ஆயிரக்கணக்கான மடங்காகிறது. தொடர்ந்து ஒரு குமிழி வீங்கி, கண் இமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த பொழுதில் சரிய, குளிர்ந்து திரண்ட துகள்கள் திரவத்தில் பரவி, அதை மெல்ல மெல்லப் பழுப்பாக்குகின்றன.

லேசரின் அலைநீளத்தைத் தேர்வதும் எளிதன்று. ஆய்வகங்களில் பரவலாக உள்ள நியோடிமியம்-யாக் லேசரின் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரைச் சிலிக்கன் நன்கு உறிஞ்சுவதில்லை. அந்த அலைநீளத்தைப் பாதியாக்கிப் பெறும் பச்சைக் கதிரோ மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டாலும், ஏற்கெனவே மிதக்கும் துகள்களும் அதில் பங்கு கொள்வதால், தகட்டைச் சேரும் ஆற்றல் போகப்போகக் குறைகிறது. (மிதக்கும் துகள்கள் அதனால் மேலும் சிறிதாக உடைவது சிலருக்கு வேண்டிய பயனே.)

வேதிப்பொருள் சேர்க்காத தூய முறை என்று இது பாராட்டப்படுவதுண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. அத்தனை வெப்பத்தில் திரவமே வினைபுரியும் வேதிப்பொருளாகிவிடுகிறது. நீரில் செய்தால் துகளின்மேல் ஆக்சைடு உறை படிகிறது. எத்தனால், ஹெக்சேன் போன்ற கரிமத் திரவங்களில் செய்தால் அவற்றின் மூலக்கூறுகள் சிதைந்து கார்பன் சேர்கிறது, சிலவேளை சிலிக்கன் கார்பைடும் உண்டாகிறது. இத்துகள்கள் பலவற்றில் காணப்படும் நீல ஒளிர்வு அவற்றின் சிறுமையால் எழுவதா, உறையிலுள்ள குறைபாடுகளால் எழுவதா என்ற நீண்ட விவாதத்தின் வேரும் இதுவே. ஒளிர்வை நாடுவோருக்குத் தலைவலியான அந்த உறை மருத்துவ ஆய்வாளர்களை அவ்வளவாக வருத்துவதில்லை. சிலிக்கன் துகள்கள் உடல் திரவத்தில் படிப்படியாகக் கரைந்து, சிறுநீரகம் வெளியேற்றக்கூடிய ஆர்த்தோசிலிசிக் அமிலமாக மாறுவதால், புற்றுக்கட்டிகளைச் சூடேற்றி அழிக்க அவற்றைப் பயன்படுத்தும் சோதனைகள் விலங்குகளில் நடந்துள்ளன.