மின்னஞ்சல் வழி வலைப்பதிவு: வடிவமைப்புச் சிக்கல்களும் தீர்வுகளும்

வலைப்பதிவில் வெளியாகும் இடுகைகளைச் சந்தாதாரர்களுக்குத் தானாகவே மின்னஞ்சலில் அனுப்பும் முறை, ஓடைவழி மின்னஞ்சல் எனப்படும். வலைப்பதிவில் ஒழுங்காகத் தெரியும் இடுகை, மின்னஞ்சலில் படம் பிதுங்கியோ, பத்திகள் குலைந்தோ, பாதியில் அறுபட்டோ போய்ச் சேர்வது இம்முறையில் அடிக்கடி நேரும் சிக்கலாகும். தமிழ் இடுகைகளுக்கு அளவு சார்ந்த தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு.

செயற்படும் முறை

வலைப்பதிவு மென்பொருள்கள் புதிய இடுகைகளை ஆர்.எஸ்.எஸ் அல்லது ஆட்டம் என்ற வடிவில் ஓடையாக வெளியிடுகின்றன. அஞ்சல் சேவை குறித்த நேரத்தில் அந்த ஓடையைப் படித்து, புதிய இடுகை இருந்தால் அதைத் தன் வார்ப்புருவில் பொருத்தி அனுப்புகிறது. 2004இல் தொடங்கப்பட்ட ஃபீட்பர்னர் இவ்வகையில் பரவலாகப் பயன்பட்டது. 2007இல் அதை வாங்கிய கூகுள், 2021 ஜூலையில் அதன் மின்னஞ்சல் சந்தா வசதியை நிறுத்தியது. இன்று மெயில்சிம்ப் போன்ற சேவைகள் இப்பணியைச் செய்கின்றன.

ஓடையில் இடுகையின் உள்ளடக்கம் மட்டுமே செல்கிறது. வலைப்பதிவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ் கோப்பு உடன் செல்வதில்லை. பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுவே வேர்.

பிழை இருக்கும் இடத்தை அறிதல்

திருத்தத் தொடங்கும் முன் பிழை இடுகையில் உள்ளதா, வார்ப்புருவில் உள்ளதா, பெறுபவரின் மென்பொருளில் உள்ளதா எனப் பிரித்தறிய வேண்டும்.

1. ஓடையின் முகவரியை உலாவியில் திறந்து பார்க்கவும். அங்கேயே பத்தி விடுபட்டோ, படத்தின் முகவரி அரைகுறையாகவோ இருந்தால் பிழை இடுகையில் உள்ளது.
2. ஓடை சரியாக இருந்து, எல்லா அஞ்சல் பெட்டிகளிலும் மடல் ஒரே விதமாகக் குலைந்திருந்தால் பிழை வார்ப்புருவில் உள்ளது.
3. ஜிமெயிலில் சரியாகவும் அவுட்லுக்கில் தவறாகவும் தெரிந்தால், அது பெறும் மென்பொருள்களின் வேறுபாடு.

பொதுவான சிக்கல்கள்

படம் பிதுங்குதல்: மடலின் அகலம் வழக்கமாக 600 பிக்சல் அளவில் அமைக்கப்படுகிறது. அதைவிட அகலமான படம் வார்ப்புருவையே இழுத்து விரித்துவிடும். விண்டோஸ் கணினிக்கான அவுட்லுக், 2007 பதிப்பு முதல் வேர்டு மென்பொருளின் காட்சிப் பொறியைப் பயன்படுத்தி வந்தது. அது சி.எஸ்.எஸ் வழியாகக் கொடுக்கும் உச்ச அகலத்தைப் பொருட்படுத்தாது. அண்மைய புதிய அவுட்லுக் உலாவிப் பொறிக்கு மாறிவிட்டாலும், பழையதைப் பயன்படுத்துவோர் இன்னும் உள்ளனர். எனவே படத்தின் எச்.டி.எம்.எல் குறியிலேயே அகலத்தை எண்ணாகக் குறிப்பிடுவது நல்லது. ஓடைப் படங்களை வார்ப்புருவுக்கு ஏற்பச் சுருக்கும் வசதி மெயில்சிம்ப்பில் உண்டு.

படம் தெரியாமை: படத்தின் முகவரி தளப்பெயர் இன்றிச் சுருக்கமாக எழுதப்பட்டிருந்தால், வலைப்பதிவில் தெரியும் படம் மடலில் தெரியாது. முழு முகவரியைத் தர வேண்டும்.

காணொளி மறைதல்: பாதுகாப்புக் கருதி, அஞ்சல் மென்பொருள்கள் ஸ்கிரிப்டையும் ஐஃபிரேமையும் பொதுவாக நீக்கிவிடுகின்றன. யூடியூப் காணொளி இருந்த இடம் வெறுமையாகிவிடும். காணொளியின் படம் ஒன்றை இட்டு அதற்கு இணைப்புக் கொடுப்பதே வழி.

எழுத்து வெட்டுப்படுதல்: வரி உயரத்தை இறுக்கமாக அமைத்தால் 'கீ', 'கூ' போன்ற எழுத்துகளின் மேல், கீழ்ப் பகுதிகள் அடுத்த வரியோடு மோதும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரி உயரம் தமிழுக்கு ஏற்றது. தளத்தில் இணைத்த எழுத்துரு ஜிமெயில் போன்றவற்றில் வராது என்பதால், விண்டோஸில் உள்ள நிர்மலா, லதா போன்ற எழுத்துருக்களையும் மாற்றாகக் குறிப்பிடலாம்.

தமிழ் மடல் விரைவில் அறுபடுவது ஏன்?

ஒரு மடலின் எச்.டி.எம்.எல் அளவு ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால், ஜிமெயில் மீதியை மறைத்து, முழு மடலையும் காண ஓர் இணைப்பை மட்டும் காட்டுகிறது. இணைப்பாக வரும் படங்களின் எடை இதில் சேராது. எழுத்தும் குறிமுறையும் மட்டுமே கணக்கு.

யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். எனவே அது 15 பைட் ஆகிறது. ஒரு சொல்லுக்கு 8 குறிகள் எனக் கொண்டால், 1,000 சொற்கள் உள்ள கட்டுரை 24 கிலோபைட் ஆகும். அத்தகைய நான்கு கட்டுரைகளை வாரத் தொகுப்பாக முழுமையாக அனுப்பினால் எழுத்து மட்டுமே 96 கிலோபைட். வார்ப்புருவும் சேர்ந்தால் மடல் எல்லையைத் தாண்டிவிடும்.

சில மென்பொருள்கள் தமிழ் எழுத்துகளை எண் குறியீடுகளாக மாற்றி எழுதுகின்றன. அப்போது ஒவ்வொரு குறியும் 7 பைட் ஆகும். இரண்டு கட்டுரைகளிலேயே எல்லை கடந்துவிடும். வேர்டிலிருந்து நேரடியாக ஒட்டும்போது ஒவ்வொரு பத்தியிலும் ஒளிந்து வரும் வடிவமைப்புக் குறிகளும் எடையைக் கூட்டும். எழுத்தை வடிவமைப்பு இன்றி ஒட்டிப் பிறகு அழகுபடுத்துவது நல்ல பழக்கம்.

மடல் அறுபடும்போது கடைசியில் உள்ள சந்தா விலகல் இணைப்பும் மறைந்துவிடுகிறது. விலக விரும்பும் வாசகர் அதைக் காணாமல், மடலை ஸ்பேம் எனக் குறித்துவிடலாம். அவ்வாறு பலர் குறித்தால், விரும்பிப் படிக்கும் மற்றவர்களுக்கும் மடல் ஸ்பேம் பெட்டிக்கே போகத் தொடங்கும். இதைத் தவிர்க்க விலகல் இணைப்பை மடலின் மேற்பகுதியிலும் தரலாம்.

சுருக்கமா, முழுமையா?

நீண்ட தமிழ் இடுகைகளுக்குத் தலைப்பு, முதல் பத்தி, 'மேலும் படிக்க' இணைப்பு ஆகியவற்றை மட்டும் அனுப்புவதே பாதுகாப்பானது. வேர்ட்பிரஸில் வாசிப்பு அமைப்புகளிலும், பிளாகரில் தள ஓடை அமைப்புகளிலும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். இடுகை சிறியதாக இருந்தால், இணைப்பைச் சொடுக்கத் தயங்கும் வாசகர்களுக்கு முழு இடுகையும் அனுப்புவது உதவும்.

அனுப்பும் முன் சோதனை

வார்ப்புருவை மாற்றும்போதெல்லாம் ஜிமெயில், அவுட்லுக், கைபேசி ஆகிய மூன்றிலும் சோதனை மடலைத் திறந்து பார்க்க வேண்டும். படங்களை நிறுத்தி வைத்தும், இருள் தோற்றத்திலும் ஒருமுறை பார்ப்பது நன்று. மடலின் கடைசி வரி வரை தெரிகிறதா என்பதைத் தவறாமல் சரிபார்க்க வேண்டும். வெளியிட்ட பின் வலைப்பதிவைத் திருத்தலாம். அனுப்பிய மடலைத் திருத்த இயலாது.