சட்டை எண்ணும் பட்ட யோகமும்

மெல்போர்ன் நகரத்தில் செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால், ஆஸ்திரேலிய ரூல்ஸ் என்று வழங்கும் அந்நாட்டுக் கால்பந்தின் அபிமானிகள், எந்தக் கிளப் பட்டம் வெல்லும் என்று தர்க்கிப்பதோடு நில்லாமல், எந்த எண்ணுள்ள சட்டைக்குப் பட்ட யோகம் அதிகம் என்றும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்கு 18 பேராக ஆடும் இவ்விளையாட்டில், ஜம்பர் என்று அவர்கள் சொல்லும் கையில்லாச் சட்டையின் முதுகில் எண் பொறிக்கும் வழக்கத்தை விக்டோரியா கால்பந்து லீக் 1912-இல் நிலைப்படுத்தியது. அந்த லீக்கே 1990 முதல் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்ற பெயரைப் பெற்றது. தொலைவில் அமர்ந்திருக்கும் ரசிகர் ஆளை அடையாளம் காண ஏற்பட்ட சௌகரியந்தான் இந்த எண். ஆயினும் அது மைதானத்தில் ஆட்டக்காரர் நிற்கும் ஸ்தானத்தைக் குறிப்பதன்று. கிளப்பில் இருக்கும்வரை பெரும்பாலும் அவருக்கே உரியதாயிருந்து, அவர் விலகியபின் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். உடை மாற்றும் அறையில், ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய அலமாரியில் அதை முன்பு அணிந்தவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் சம்பிரதாயம் சில கிளப்புகளில் உண்டாகையால், புதிதாகச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன் தன் பையை உள்ளே வைக்கும்போதே பழைய மகான்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிடுகிறான்.

எண்ணுக்குப் பட்ட யோகம் உண்டென்ற நம்பிக்கைக்கு மூலவிக்கிரகமாக விளங்குவது மெல்போர்ன் கிளப்பின் 31. அதை அணிந்த ரான் பராசி 1940-இல் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். மறு ஆண்டே வட ஆப்பிரிக்காவின் டோப்ருக் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அப்போது ஐந்து வயதுக் குழந்தையாக இருந்த மகனுக்கும் அதே பெயர். தந்தையின் சகாவும், பின்னர் அக்கிளப்பின் பயிற்சியாளராகப் பிரசித்தி பெற்றவருமான நார்ம் ஸ்மித் அந்தப் பிள்ளையைத் தம் வீட்டிலேயே வைத்து ஆதரிக்க, 1953-இல் களமிறங்கித் தந்தையின் எண்ணையே அணிந்து ஆடிய இளைய பராசி, 1955 முதல் 1964 வரை ஆறு பட்டங்களை வென்ற அணிகளில் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு அவர் கார்ல்டன் கிளப்புக்குப் போனபோது 31-ஐயும் உடன் கொண்டுபோனார். மெல்போர்னை விட்டு லட்சுமியும் போய்விட்டாள் என்றே சொல்ல வேண்டும். அக்கிளப் மறுபடி பட்டம் கண்டது 57 ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், தொற்றுநோயின் காரணமாகப் பெர்த் நகரில் நடந்த இறுதியாட்டத்திலேதான். அன்று ஆறு கோல் அடித்த பேலி ஃபிரிட்ஷ் அணிந்திருந்த எண் 31!

எண்ணை நம்புகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் அதே 31 எத்தனையோ முதுகுகளில் ஏறி இறங்கியதையும், ஒன்றும் நடவாததையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஹாதார்ன் கிளப்பின் 23-ஐ எடுத்துக்கொள்வோம். டான் ஸ்காட் மூன்று, டெர்மட் பிரெரட்டன் ஐந்து, லான்ஸ் ஃபிராங்க்ளின் இரண்டு என, மூன்றே பேர் அந்த எண்ணோடு பத்துப் பட்டங்களில் பங்கு கொண்டார்கள். 1989-இன் இறுதியாட்டத்தில், நடுவர் பந்தைத் தரையில் மோதி ஆட்டத்தைத் தொடங்கிய மறுகணமே, ஜீலாங் ஆட்டக்காரர் ஒருவர் ஓடிவந்து இடித்த வேகத்தில் பிரெரட்டனின் விலா எலும்பு முறிந்தது. அவர் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். வெளியே போக மறுத்து, எழுந்து நின்று கோலும் அடித்தார். எதிர்ப்பக்கத்திலோ ஜீலாங்கின் 5-ஆம் எண்ணை அணிந்த கேரி ஏப்லெட் தனியொருவராக ஒன்பது கோல் போட்டு, அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்குரிய பதக்கத்தைப் பெற்றும், அவர் கிளப் ஆறு புள்ளிகளில் தோற்றது. பின்னர் 1992, 1994, 1995 ஆகிய ஆண்டுகளிலும் இறுதியாட்டத்தில் தோற்று, பட்டமென்பதே இல்லாமல் அவர் ஓய்வு பெற்றார். அப்படியானால் 5 துரதிர்ஷ்டம் பிடித்த எண்ணா? அவருக்கு முன் 1963-இல் பாலி ஃபார்மரும், அவருக்குப் பின் 2009, 2011 ஆண்டுகளில் டிராவிஸ் வார்கோவும், 2022-இல் ஜெரமி கேமரனும் அதே 5-ஐ அணிந்து பட்டம் வென்றிருக்கிறார்கள். ஏப்லெட்டின் புதல்வரோ 29 அணிந்து இரண்டு பட்டம் பெற்று, கோல்ட் கோஸ்ட் கிளப்புக்குப் போய்த் திரும்பி, 4 அணிந்து 2020-இல் தோற்றார்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு கிளப்பின் பட்டியலில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். மாற்று ஆட்டக்காரரையும் சேர்த்தால் இக்காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு 22 அல்லது 23 பேர் போகிறார்கள். ஆகவே, பட்டியலில் உள்ள எந்த எண்ணும் பட்டம் வெல்லும் நாளில் களத்தில் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு எப்போதுமே உண்டு. சிறிய எண்கள் அநேகமாக ஆண்டுதோறும் யாராவது ஒருவர் முதுகில் இருக்கும். பெரிய எண்கள் பெரும்பாலும் கற்றுக்குட்டிகளுக்கே கிடைக்கும். அவர்களில் தேறியவன் தனக்குப் பிடித்த சிறிய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் சகஜம். புகழ் பெற்ற எண்ணைக் கிளப் நிர்வாகம் கண்டவருக்கும் கொடுப்பதில்லை. ஆக, நல்ல ஆட்டக்காரரைத் தேடி நல்ல எண் போகிறதே தவிர, எண்ணின் மகிமையால் ஒருவர் நல்ல ஆட்டக்காரர் ஆவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஹாதார்னின் 17 ஏழு பட்டம் கண்டதற்குக் காரணம், 426 ஆட்டம் ஆடிய மைக்கேல் டக் என்ற ஒரே மனிதர் அதைக் கழற்றாமல் அணிந்திருந்ததுதான்.

இந்தக் கணக்கையே கேலி செய்வதுபோல், 2019-இல் ரிச்மண்ட் கிளப் மார்லியன் பிக்கெட் என்ற 27 வயதினரை அவருடைய முதல் ஆட்டமாகவே இறுதியாட்டத்தில் இறக்கியது. அவர் முதுகில் யாரும் ஆசைப்படாத 50. அவர் ஒரு கோலும் அடித்தார்; அணி 89 புள்ளிகளில் வென்றது.

எண்களை மட்டும் எண்ணுகிற பட்டியலில் இடமே பெறாதவர்களும் உண்டு. 62 ஆண்டுகளுக்குப் பின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 2016-இல் பட்டம் வென்றபோது, அதன் தலைவர் பாப் மர்ஃபி முழங்கால் காயத்தால் ஆடவில்லை. ஆகையால் அவருடைய 2-ஆம் எண்ணுக்கு அந்த வெற்றியில் கணக்கு இல்லை. பயிற்சியாளர் லூக் பெவெரிட்ஜ் அவரை மேடைக்கு அழைத்து, தமக்குக் கிடைத்த பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்.